பாக்கியை யார் கொடுப்பது?

சில வருஷங்களுக்கு முன், திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்து அறுப்பின் பண்டிகையில் ஒரே ஒரு கோழிமுட்டை ஐயாயிரம் ரூபாய்க்கு ஏலம் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அறுப்பின் பண்டிகையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தென்கோடி மாவட்டங்களின் கிறிஸ்தவ சபைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை, விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கருப்பட்டி, சேவல், ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். சந்தையில் இருபது ரூபாய் பெறும் முருங்கைக்காய்க் கட்டை இருநூறு ரூபாய்க்குக் கேட்பார்கள். விலை தெரியாமல் அல்ல. காசு ஆண்டவருக்குப் போகிறது என்று தெரிந்துதான். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. அன்றைக்கு நானே ஒரு சுரைக்காயை அநியாய விலைக்கு வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

முட்டையை ஏலத்தில் எடுத்தவர் ஓய்வுபெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தர். எந்த இலாகா என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற இலாகாக்காரர்கள் தங்களை மறந்துவிட்டதாக வருத்தப்படக்கூடும். ஐயாயிரம் என்று அவர் கூவியதும் கைதட்டல் எழுந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. என் காதருகே குனிந்து, "அதுல மஞ்சக்கரு எம் பணம்லா!" என்றார்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் அந்த உத்தியோகஸ்தர் சாட்சி சொன்னார். சாட்சி என்றால் கோர்ட்டில் சொல்லும் சாட்சி அல்ல; கர்த்தர் தம்மை நடத்திவந்த விதத்தைச் சபையாரின் முன் எடுத்துச் சொல்வது. கோர்ட்டிலாவது குறுக்கு விசாரணை உண்டு. உத்தியோக நாட்களில் தாம் 'சில பலவீனங்களுக்கு' ஆளாகியிருந்ததாகவும், ஓர் இரவு முழங்காலில் நின்று கண்ணீர் விட்டபோது அவை அத்தனையும் மன்னிக்கப்பட்டதாகவும், அன்றோடு தம் கணக்கு நேராகிவிட்டதாகவும் அவர் சொன்னார். சபை அல்லேலூயா சொல்லிற்று. மஞ்சக்கருவின் சொந்தக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன்: கணக்கு யாரோடு நேராயிற்று?

எதிர்வீட்டுக்காரனிடம் கைமாற்று வாங்கிவிட்டு, அந்தக் கடனை ஆண்டவர் தள்ளுபடி செய்துவிட்டார் என்று ஒருவன் சொன்னால் நாம் சிரிப்போம். அதையே வேதவசனத்தின் தோரணையில் சொன்னால் தலை குனிந்து ஆமென் சொல்கிறோம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. அவர் எதிரில் வந்து நிற்பதில்லை, ரசீது கேட்பதில்லை, ஊரில் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பதில்லை. ஏமாந்த மனிதனிடம் போய் நிற்பதுதான் கஷ்டம். அவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

பிரசங்கியாரான என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இரட்சிப்பு கிருபையினால் வருகிறது, கிரியையினால் அல்ல. நீங்கள் மறுபடியும் நியாயப்பிரமாணத்தின் நுகத்தைக் கழுத்தில் மாட்டப் பார்க்கிறீர்கள்" என்றார். இது சாமானியமான வாதம் அல்ல. இதற்காக ஐரோப்பாவே இரண்டுபட்டது. ஆகையால் நண்பருக்கு மிகவும் பிடித்த ஓர் ஆளையே சாட்சிக்கு அழைக்கிறேன்: சகேயு.

ஞாயிறு பள்ளியில் படித்த எந்தப் பிள்ளைக்கும் சகேயுவைத் தெரியும். எரிகோ பட்டணத்து ஆயக்காரருக்குத் தலைவன், குள்ளன், இயேசுவைப் பார்ப்பதற்காகக் காட்டத்தி மரத்தில் ஏறினவன். எங்கள் பள்ளிக்கூடங்களில் மரத்தில் ஏறினதோடு கதையை முடித்துவிடுவார்கள். மரத்திலிருந்து இறங்கினபின் நடந்ததுதான் விஷயம். நண்பர் சொல்வது வாஸ்தவம். அங்கே கிருபைதான் முந்திற்று. அவன் ஒரு காசும் எடுத்து வைப்பதற்கு முன்பே அவன் வீட்டில் தங்கப்போவதாக இயேசு சொல்லிவிட்டார். ஊர் முறுமுறுத்தது. ஆனால் வந்த கிருபை என்ன செய்தது? நேரே பணப்பைக்குப் போயிற்று. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றான் சகேயு. அதோடு நிற்காமல், யாரிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தது இதைக் கேட்ட பிறகு.

இங்கே இரண்டு வேறு வேறு செலவுகள் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழைகளுக்குக் கொடுப்பது தர்மம். ஏமாந்தவனுக்குக் கொடுப்பது கடன். சகேயு ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துக்கொள்ளவில்லை. நம்மவர்களோ கடனைக் கொடாமல் தர்மம் செய்கிறார்கள். அதுவும் எதிராளியின் பணத்தில், தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி.

நாலு மடங்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மோசேயின் சட்டத்தில், தானாகவே மனம் வருந்தி அறிக்கை செய்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி அடித்தவனோ விற்றவனோ அகப்பட்டால்தான் நாலு ஆடு கொடுக்க வேண்டும். சகேயு சலுகைக் கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டுத் திருடனுக்குரிய தண்டனையைத் தானே தனக்கு விதித்துக்கொண்டான். உத்தியோகஸ்தன் ஒருவன் தன்னை ஆட்டுத் திருடன் என்று ஒப்புக்கொண்ட இந்த இடத்தைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

எண்ணாகமத்தில் இன்னொரு விதி இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்டவனுக்கே தொகை சேரவேண்டும். வாங்கிக்கொள்ள அவனோ அவனுடைய இனத்தானோ இல்லாமற் போனால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகும். ஆக, அந்த ஐயாயிரம் ரூபாய் முறைப்படி கோயிலுக்கு வரவேண்டுமானால், என் காதில் பேசிய பெரியவர் இறந்திருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகள், பேரன்மார், தம்பிமார், தம்பிமாருடைய பிள்ளைகள் எல்லாரும் இறந்திருக்க வேண்டும். பெரியவரோ நல்ல திடகாத்திரமாக இருந்தார்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு இதைவிடக் கண்டிப்பாகப் பேசுகிறார். பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்தவனுக்கு, உன்மேல் குறையுள்ளவன் ஒருவன் இருக்கிறான் என்ற நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார். ஆராதனையின் நடுவில் எழுந்து போகச் சொல்லும் கட்டளை! இது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக அனுசரிக்கப்பட்டால் பல கோயில்களில் ஐயரும் கோயில்பிள்ளையும் மட்டும்தான் மிஞ்சுவார்கள். கோயில்பிள்ளையைப் பற்றிக்கூட நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இது புரொட்டஸ்டண்டுகளாகிய எங்களுக்கு மட்டும் உரிய புதுப் போதனையும் அல்ல. திருடியதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தவன் கொடாமலிருந்தால் அவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று அகுஸ்தீன் எழுதினார். தோமா அக்குவினாஸ் இதற்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். பிறகு பணத்துக்கு மன்னிப்புச் சீட்டு விற்றார்கள். 1517ஆம் வருஷம் லூத்தர் சண்டைக்கு எழுந்தார். அந்தச் சீட்டுக்காவது காசு கொடுக்க வேண்டியிருந்தது. நாம் இப்போது இலவசமாகவே வழங்குகிறோம். ஹிட்லரின் ஆட்சியில் சிறைப்பட்டு 1945இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோபர் என்ற ஜெர்மானியப் போதகர், தம் 1937ஆம் வருஷத்துப் புத்தகத்தில் இதற்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்தார். அவர் லூத்தருடைய சபைக்காரர்தான். நண்பரால் அவரை ரோமாபுரிக்காரர் என்று தள்ளிவிட முடியாது.

காணிக்கை வாங்குகிற கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போனபின், பிரதான ஆசாரியர்கள் அதைக் காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாது, அது இரத்தக்கிரயம் என்று தயங்கினார்கள். இயேசுவைக் கொல்ல வழி தேடியவர்கள் அவர்கள். அவர்களுக்குக்கூடப் பெட்டியைப் பற்றி அந்தக் கூச்சம் இருந்தது. நம்முடைய கமிட்டியாருக்கு இருக்கிற ஒரே கூச்சம், நோட்டுக் கிழிந்திருக்கிறதா என்பதுதான்.

உத்தியோகத்தில் இருந்துகொண்டு கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்பார்கள். யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரர் வந்து கேட்டபோது அவர் வேலையை விடச் சொல்லவில்லை; விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்றார். தமிழில் முதல் நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர். அந்த நாவல் 1879இல் வந்தது. அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே, 1859இல், தம் நீதிநூலில் கைக்கூலி வாங்குகிறவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டார். நாவல் எழுதுகிறவர்களுடைய மூதாதை அவர். எங்கள் தொழிலுக்கு இப்படியும் ஒரு பரம்பரை உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கொடுக்கிறவன் விஷயம் வேறு. 1988ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது, கொடுக்கிறவனையும் குற்றவாளி ஆக்கினார்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவன் ஏழு நாளைக்குள் போய்ச் சொன்னால் தப்பலாம். தன்னுடைய சொந்த நிலத்துக்கான காகிதத்தை வாங்கக் கொடுத்தவனையும், அடுத்தவன் நிலத்தைத் தன் பேருக்கு மாற்றக் கொடுத்தவனையும் என்னால் ஒரே தராசில் நிறுத்த முடியவில்லை. அதைச் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு இதைவிட எரிச்சல் ஊட்டுவது இன்னொரு வகைச் சாட்சி. "நான் உண்மையாயிருந்தேன், கர்த்தர் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார், என் மகளுக்கு மெடிக்கல் சீட்டு கொடுத்தார்." உண்மையாயிருந்து சஸ்பென்ஷன் ஆனவன் என்ன சாட்சி சொல்லுவான்? அவனை மேடைக்குக் கூப்பிடவே மாட்டார்கள். நேர்மையை வட்டிக்கு விடுகிற வியாபாரம் இது. சிலுவையில் முடிந்த ஒரு வாழ்க்கையைக் கும்பிடுகிறவர்களுக்கு இந்த வியாபாரம் எப்படிப் பொருந்துகிறதோ, எனக்கு விளங்கவில்லை.

திருப்பிக் கொடுப்பதெல்லாம் வேதத்துக் கதையில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் ஜான் உல்மன் என்று ஒரு குவேக்கர் இருந்தார். தையற்காரர். வாலிபத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது எஜமான் சொன்னாரென்று ஒரு நீக்ரோப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மனசு உறுத்தி, பிறகு அப்படிப்பட்ட பத்திரம் எழுத மறுத்தவர். வேறொரு சமயம், ஓர் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில், ஒரு நீக்ரோப் பையனை முப்பது வயது வரை வேலை செய்யும்படி விற்றுவிட்டார்கள், இவரும் இன்னொருவருமாக. வருஷங்கள் கழித்து அது அவரை அரிக்கத் தொடங்கிற்று. என்ன செய்தார்? ஜெபம் செய்ததோடு எழுந்து போய்விடவில்லை. அந்தப் பையனுடைய கடைசி நாலரை வருஷ உழைப்புக்கு நியாயமாக என்ன மதிப்போ, அதை வாங்கினவனுக்குத் தாமே கொடுப்பதாகப் பத்திரம் எழுதினார். நாலரை வருஷம்! அவர் மனஸ்தாபத்தை வருஷக் கணக்கில் அளந்தார். 1772இல் இறந்தார், மறுவருஷத்துக்கு மறுவருஷம் வெளியான அவருடைய நாட்குறிப்பில் இது இருக்கிறது.

இது வெள்ளைக்காரன் கதை, நம் ஊருக்கு ஒத்துவராது என்றால், என் வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

என் பாட்டனார் தேரிக்காட்டு ஓரத்தில் கருப்பட்டி வியாபாரி. பருவத்துக்கு முன் பனையேறிகளுக்கு முன்பணம் கொடுப்பார். பருவத்தில் காய்ச்சிய கருப்பட்டியெல்லாம் அவர் மண்டிக்குத்தான் வரவேண்டும். நாளைக்கு இரண்டு தடவை முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கி, நெஞ்சில் காய்ப்புக் காய்த்த மனிதர்கள் அவர்கள். பாட்டனார் பக்திமான். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறினதில்லை. 1938இல் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார். மணியில் அவர் பெயர் வார்த்திருக்கும். அது அடிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

1960ஐ ஒட்டிக் கிலோ எடை வந்தது. பாட்டனார் அதற்குச் சற்று முன்புதான் காலமாகியிருந்தார். பழைய படிக்கற்களைக் கழித்துப்போட அப்பா பெட்டியைத் திறந்தார். ஒரே அளவில் இரண்டு இரண்டாகக் கற்கள் இருந்தன. ஒன்றை ஒரு தட்டிலும் ஒன்றை மறு தட்டிலும் வைத்தார். ஒரு தட்டு இறங்கிற்று. தராசில் கோளாறோ என்று கற்களை இடம் மாற்றி வைத்தார். மற்றத் தட்டு இறங்கிற்று. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாங்குகிறதற்கு ஒரு கல், விற்கிறதற்கு ஒரு கல். பையிலே அப்படி இரண்டு கல் வைத்திருக்கக்கூடாது என்ற உபாகமத்தின் அதிகாரத்தைப் பாட்டனார் எங்களுக்கு வாசித்ததுண்டு, அந்தப் பெட்டிக்கு மேலே இருந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டே.

அப்பா பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாசம் கணக்குப் பார்த்தார். முப்பத்தேழு குடும்பம் தேறிற்று. ஒரு தோட்டத்தை விற்றார். என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். முதல் வீட்டில், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எங்க ஐயா உங்க ஐயாவுக்கு எடையில குறைச்சிருக்காக. இது அந்தப் பாக்கி" என்றார். அந்த மனிதர் நோட்டுகளை நிதானமாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "சகேயு நாலு மடங்குல்லா குடுத்தாரு?" என்றார். அவரும் எங்கள் கோயிலில் அதே பிரசங்கத்தைக் கேட்டவர்தானே! அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு எங்கிட்ட இல்ல, அண்ணாச்சி" என்றார்.

இன்னொரு வீட்டில் நடந்ததை என்னால் இன்றைக்கும் நிம்மதியாக நினைக்க முடியாது. அங்கே இருந்தவர் பணத்தைத் தொடவே இல்லை. "கருப்பட்டியில பாதிய வழியில வித்துக் குடிச்சுட்டு, எடை குறைஞ்சிட்டுன்னு பொய் சொல்லுதான்னு எங்க அம்மை எங்க ஐயாவ ஏசிக்கிட்டே இருந்தா. அவரு சாகிற வரைக்கும் ஏசினா" என்றார். கருப்பட்டி மட்டும் போகவில்லை. ஒரு மனிதன் தன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் பொய்யன் ஆகிவிட்டான். எந்த ஆகமத்தில் இதற்குக் கணக்கு இருக்கிறது? அப்பா பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் இதை மெச்சிற்றா? ஐயர் வீட்டுக்கு வந்தார். மிகவும் நல்ல மனிதர். "கர்த்தர் மன்னித்ததை நீங்கள் ஏன் கிளறுகிறீர்கள்? பெரியவர் பெயர் மணியில் இருக்கிறது" என்றார். கமிட்டியில் ஒருவர், அப்படியானால் மற்ற மண்டிக்காரர்களும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமா என்று கேட்டார். பயம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. என் அத்தை அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவளுடைய சீதனமும் அதே தராசில் நிறுத்த பணம்தான். பதினோரு குடும்பத்தோடு தோட்டத்துப் பணம் தீர்ந்தது. அதற்குள் நான் மேல்படிப்புக்குப் போகவேண்டி வந்தது. மிச்சமிருந்த நிலம் என் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் ஆயிற்று. நான் பட்டதாரி ஆனேன், எழுத்தாளனும் ஆனேன். முட்டை வாங்கின கனவானைப் பற்றி இவ்வளவு சுவாரஸ்யமாக எழுதுவதற்கு எனக்குத் தமிழ் கற்றுக் கொடுத்த பணத்தில் பாதி, அந்தப் பனையேறிகளுடைய எடைக்குறைவு.

பேரேடு இப்போது என்னிடம் இருக்கிறது. இருபத்தாறு பேர் பாக்கி. அப்பா இறந்த பிறகு நான் கண்டுபிடித்துக் கொடுத்தது நாலு. மற்றவர்கள் தூத்துக்குடி, சென்னை, பம்பாய் என்று போய்விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அவ்வளவாகத் தேடவில்லை. அறுப்பின் பண்டிகைக்குப் போய்வந்த பிறகுதான் மறுபடியும் விசாரிக்க ஆரம்பித்தேன். தூத்துக்குடியில் ஒரு பேத்தியின் விலாசம் கிடைத்திருக்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்தவளாம். இப்போது மகளோடு இருக்கிறாளாம். அந்தக் காலத்து எடைக்கு இந்தக் காலத்துக் கருப்பட்டி விலையைப் போட்டுத் தொகையை எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும், நாமாகத்தானே போய்ச் சொல்லுகிறோம் என்கிறாள் என் மனைவி. அவளுக்கு லேவியராகமம் ஆதாரம். நாலு மடங்கு என்றால் வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருக்கிற பணம் போகும். இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை. பாங்கி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கிறது.